கொசுச்சாமி

பொடிக்கொசுவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு என் மனைவியைப் பற்றித் தெரியாது. இதை நான் சொல்லவில்லை. எங்கள் கல்யாண நாள் விருந்தில் அவளே எல்லார் முன்னாலும் சொன்னது. கடுகில் பாதிகூட இருக்காது பொடிக்கொசு. சாணிச் சேற்றில் பிறந்து, பொழுது சாயும்போதும் விடியும்போதும் கிளம்பி, ஆட்டின் காதிலும் மூக்கிலும் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். சாதாரணக் கொசுவலையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஓட்டை வழியாக உலா வரும். அந்தப் பூச்சியைப் படிப்பதற்காகத்தான் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். என் பெயர் தில்லைநாயகம்.

பூச்சி என்னுடைய பாடு. அதன் வயிற்றில் இருக்கும் வைரஸ் டாக்டர் ஞானசௌந்தரியின் பாடு. நாசரேத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே நீலநாக்கு நோயைப் பார்த்துவிட்டார். ஆட்டுக்குக் காய்ச்சல் வரும், முகம் வீங்கும், வாயெல்லாம் புண்ணாகும், நாக்கு தடித்து நாவல்பழ நிறத்துக்கு மாறும். பசியோடு தீவனத்தின் முன்னாலேயே நிற்கும், தின்ன முடியாது. "அந்த ஆடு என்னையே பாத்துக்கிட்டு நின்னுது, நாயகம். அன்னைக்கே என் வாழ்க்கை முடிவாயிட்டு" என்று ஒருமுறை சொன்னார். அதன்பிறகு கல்யாணம், வீடு, வெளிநாட்டு வேலை என்று வந்த எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பது வருஷ உழைப்பு. ஒரு தடுப்பூசி கண்டுபிடிப்பார், இரண்டு வருஷம் நிம்மதியாக இருக்கும். பிறகு எங்கிருந்தோ வைரஸின் இன்னொரு வகை வந்து சேரும். ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகைக்குக் கேட்காது. கடைசியாக வந்த வகை இருக்கிறதே, அது கொலைகாரப் பாவி. அந்த வருஷம் ராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளில் ஆடு புதைக்காத இடமே இல்லை என்று ஆகிவிட்டது. ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இல்லை. தோற்றுப்போய் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். "பொடிக்கொசு ஆட்டை எப்படிக் கண்டுபிடிக்கு?"

"மூச்சுக்காத்து மேடம். அப்புறம் வாடை. ஆட்டுத் தோல்ல இருக்கிற பாக்டீரியா விடுற வாடை."

"ஒரே ஒரு ஆட்டுக்கு மட்டும் அந்த வாடையை ஆயிரம் மடங்கு கூட்டிட்டா?"

"சுத்துவட்டாரத்துக் கொசு அத்தனையும் அது மேலதான் உக்காரும். மத்த ஆட்டை ஏறெடுத்தும் பாக்காது. அந்த ஒண்ணு பாவம்."

"அந்த ஆட்டுக்கு எந்த வகை நீலநாக்கும் வராதுன்னு வச்சுக்கோ."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். வைரஸ் ஏறாத ஆட்டை உருவாக்க அவர் பல வருஷமாக முயன்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அப்படிப் பிறந்தவற்றில் பிழைத்தது ஒரே ஒரு கிடா. பாக்டீரியாவை மாற்றுவது அதைவிடச் சுலபம் என்றார். சொன்னபடி செய்தும் காட்டினார். ஆட்டுக்கு எப்போதும் ஏதாவது மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதனால் கழுவினாலும் போகாத, எந்த மருந்துக்கும் மசியாத பாக்டீரியாவாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஈர மண்ணில் விழுந்தால்கூட ஒருநாள் தாங்கும். அதில் அவருக்குப் பெருமை. ஒரு பிள்ளை முதல் மார்க் வாங்கியதைப் போல என்னிடம் சொன்னார்.

மனிதத் தோலில் அது ஒட்டுமா என்று சோதிக்கவில்லை. யாரும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பது விதி. விதி இருக்கும்போது சோதனை எதற்கு என்று மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கிடாவை அழகுமலை கீதாரியின் கிடையில் விட்டோம். பல குடும்பத்து ஆடுகளைச் சேர்த்து ஓட்டிப்போய், வயல்களில் உரத்துக்காக மடக்கிப் போடுவதுதான் கிடை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் கீதாரி. மழைக்காலத்தில் வயலில் பயிர் நிற்கும் என்பதால் அவர்கள் ஒரு கண்மாய் மேட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். கீதாரிக்கு ஒரே மகன், சவுதியில் ஒட்டகம் மேய்க்கிறான். மருமகள் ராக்குதான் மாமனாரோடு கிடையைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு கைக்குழந்தை, பெயர் யாழினி.

"இந்தக் கிடாவை யாரும் தொடக்கூடாது" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணி வைக்கணும்னாலும் கையுறை போட்டுத்தான் வைக்கணும்."

"தொட மாட்டோம் டாக்டரம்மா. நாங்க என்ன சின்னப்புள்ளைகளா?" என்றார் கீதாரி.

அந்த மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துக் கிடைகளில் ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அழகுமலை கீதாரியின் கிடையில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. பொழுது சாயும்போது பார்த்தால் கிடாவுக்கு மேலே கறுப்புத் தூண் ஒன்று எழும்பி நிற்கும். எல்லாம் கொசு. கிடா தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும். எனக்குப் பார்க்கச் சகிக்காது, ஜீப்பின் அந்தப் பக்கம் போய்விடுவேன். டாக்டர் இருட்டும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "பாக்கணும் நாயகம். நாம செஞ்சதுதானே" என்பார்.

கிடைக்காரர்கள் அதற்கு மணி கட்டினார்கள், மாலை போட்டார்கள், கொசுச்சாமி என்று பெயரும் வைத்தார்கள். நாங்கள் சிரித்தோம். பேப்பரில் டாக்டரின் போட்டோ வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலத்தின் நடுவில் கிடா செத்துப்போனது. ரத்தம் வற்றிப்போன உடம்பு, எத்தனை நாள் தாங்கும்? பம்பை அடித்து, மாலை போட்டு, பனைமரத்தடியில் புதைத்துவிட்டார்கள். இன்னொரு கிடா பிறந்து வளர ஒரு வருஷமாவது ஆகும். நாலாம் நாள் ராக்கு போன் செய்தாள்.

"டாக்டரம்மா, கொசுவெல்லாம் ஆட்டு மேல போகல. எங்க மேல வருது. புள்ள மேல வருது. சீக்கிரம் வாங்கம்மா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். யாழினியின் இமைகள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. நெற்றி முழுக்கத் தடிப்பு, தடிப்பின் மேல் தடிப்பு. உதடு வெளுத்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. கிடையில் இருந்த எல்லாருக்கும் கடிதான், ஆனால் பெரியவர்கள் தட்டிவிடுவார்கள், துணியைப் போர்த்திக்கொள்வார்கள். குழந்தை என்ன செய்யும்? வேப்பிலைப் புகை போட்டார்கள். புகையில் குழந்தைக்கு மூச்சுத் திணறியது, கொசு நகரவில்லை.

டாக்டர் கையுறை போட்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே இடம். விரல் நுனி, கண்ணிமை, நெத்தி. காலு சுத்தமா இருக்கு, கழுத்து சுத்தமா இருக்கு. ஏன்?"

நான் கேட்டேன். "கீதாரி, கிடாவைத் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்ல தம்பி. டாக்டரம்மா சொன்ன அன்னைலருந்து ஒரு பய தொடல."

"கும்பிட்டீங்களா?"

"கும்பிடாம? எங்க பொழப்பையே காப்பாத்துன சாமியில்ல அது!"

"எப்படிக் கும்பிட்டீங்க? செஞ்சு காட்டுங்க."

ராக்குதான் செய்து காட்டினாள். கிடா எதிரே நிற்பதுபோல வலது கையை நீட்டி அதன் நெற்றி இருக்கும் உயரத்தில் வைத்தாள். அந்தக் கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதே கையைக் குழந்தையின் நெற்றியில் வைக்கப் போய், பாதியில் நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது தொடுறது இல்லையா?" என்றார் டாக்டர்.

"அது கும்புடுறது டாக்டரம்மா" என்றார் கீதாரி. அவர் பொய் சொல்லவில்லை, சமாளிக்கவும் இல்லை. அவருக்கு அது வேறு, இது வேறு.

கிடா உயிரோடு இருந்தவரை கொசு அத்தனையும் அதன் மேல் போனதால் இவர்கள் மேல் பாக்டீரியா ஒட்டியிருந்தது தெரியவில்லை. அது போனதும் அடுத்து வாடை அடிக்கிற இடத்துக்குக் கொசு வந்துவிட்டது. டாக்டர் எல்லாருக்கும் இதை விளக்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ராக்கு குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்க போற?"

"மதுரைக்கு. ஆஸ்பத்திரில கண்ணாடி ரூம்பு இருக்காம். அதுல வச்சா கொசு வராதுல்ல?"

டாக்டர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "போகாத ராக்கு. நான் சொல்லுததைக் கேளு. பஸ்ல பக்கத்துல உக்காருறவ உன் பிள்ளையைக் கொஞ்சுவா. அந்தக் கையோட போயி தன் பிள்ளையைத் தூக்குவா. ஆஸ்பத்திரில எத்தனை பிள்ளைங்க? பொடிக்கொசு இல்லாத ஊரே கிடையாது. ஒரு வாரத்துல மதுரை, ஒரு மாசத்துல எங்க நிக்கும்னு எனக்கே தெரியாது. இது இந்த மேட்டைத் தாண்டக் கூடாதும்மா."

"மருந்து?"

"இருக்கிற எந்த மருந்துக்கும் சாகாத மாதிரி நான்தான் செஞ்சேன். புதுசா ஒண்ணு செய்யணும். மூணு மாசமாவது ஆகும். தை பிறந்தா கொசு குறையும், அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் எம்புள்ள இருக்குமா?" ராக்கு கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். "ஊருப்புள்ளைகளுக்கு வந்துருமுண்டு எம்புள்ளைய சாகக் குடுக்கச் சொல்றீகளா டாக்டரம்மா?"

டாக்டர் வழியை விட்டு நகரவில்லை. கீதாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது. கண்மாய்ப் பக்கமிருந்து முதல் கொசுக்கள் வரத் தொடங்கியிருந்தன, குழந்தை அதற்குள்ளாகவே முனக ஆரம்பித்தது.

"அந்தப் பாக்டீரியாவை வேற ஆட்டுக்குப் பூசலாமா மேடம்?" என்றேன்.

"அதுக்கு நோய் வந்துரும். அம்புட்டு கொசுவும் அதைக் கடிச்சு வைரஸை எடுத்துட்டுப் போயி மத்ததுக்குக் குடுக்கும். மாடும் ஆகாது. வெளிய தெரியாம ரத்தத்துல வச்சிருக்கும்."

"கழுதை?"

"அதைத்தான் நிலையத்துலயே பாத்தோமே, கழுதைத் தோல்ல ஒட்டல. மனுஷத் தோல்லதான் ஒட்டிக்கிட்டு." அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மனுஷனுக்கு நீலநாக்கு வராது நாயகம்."

அவர் ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. கிடாவுக்கு அவ்வப்போது பூசுவதற்காகத் தயாரித்த பாக்டீரியா குப்பி ஜீப்பில் ஐஸ்பெட்டியில் இருந்தது. ஓடிப்போய்ப் பெட்டியின் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் மேடம். அந்தக் கிடா என்ன பாடுபட்டுச்சுன்னு பாத்தீங்கள்ல."

"தினமும் பாத்தேன். நீதான் ஜீப்புக்குப் பின்னால நின்ன."

"அப்ப நான் பூசிக்கிறேன். நான் உங்களைவிட சின்னவன்."

"உனக்கு பொண்டாட்டி இருக்கா. அவளைப் பத்தி நீ இன்னும் ஒண்ணுமே படிக்கலையாமே." சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "கையை எடு. புள்ள செத்துரும்."

கையை எடுத்தேன். அவர் குப்பியைத் திறந்து முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் எண்ணெய் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டு, கூடாரங்களை விட்டு விலகிக் கண்மாய்க்கரையின் ஒரு முனையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ராக்குவின் தோளுக்கு மேலே புகைபோல நின்றிருந்த கொசுக்கூட்டம் கலைந்தது. கரையின் முனையில் கறுப்புத் தூண் எழும்பியது. யாழினியின் முனகல் நின்று, அது தாயின் மார்பைத் தேடியது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கிடா ஆட்டியதைப் போலவே ஆட்டினார். இந்தத் தடவை நான் ஜீப்புக்குப் பின்னால் போகவில்லை.

அதுமுதல் தினமும் விடியும்போதும் பொழுது சாயும்போதும் அவர் அங்கே உட்கார்ந்தார். மற்ற நேரத்தில் பக்கத்தில் போட்ட தார்ப்பாய்க்கடியில் படுத்திருப்பார். நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு வருவேன். நிலையத்தில் இருக்கும் இளம் விஞ்ஞானிகளுக்குப் போனில் மருந்துக்கான வழிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். முகம் அடையாளம் தெரியாமல் போனது. ஒரு வாரத்தில் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. "பரவாயில்ல, இப்ப பாக்க ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

குழந்தை கண் திறந்தது. ராக்கு தூரத்தில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். "டாக்டரம்மா, புள்ள உங்களப் பாத்துச் சிரிக்குது" என்று சத்தம் போட்டுச் சொல்வாள். கிட்டே வரமாட்டாள். கையைத் தலைக்கு மேலே கூப்பிவிட்டுத் திரும்பிப் போவாள். கிடைக்காரர்கள் ஒருவரும் அந்த மேட்டை விட்டு இறங்கவில்லை. சாமான்களைக் கீழே ரோட்டோரம் வைத்துவிட்டுப் போகச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆடுகளும் அத்தனையும் பிழைத்து நின்றன. தை பிறக்க அதிக நாள் இல்லை. மருந்தும் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது என்று நிலையத்திலிருந்து சொன்னார்கள்.

சாமான் கொண்டுவந்த யாரோ தூரத்திலிருந்து போனில் படம் எடுத்துவிட்டார்கள். கரைமேல் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு மேலே கறுப்புத் தூண், பின்னால் சாகாத ஆடுகள். அவ்வளவு போதாதா? அடுத்த நாளே நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு வேன் பிடித்து வந்தார்கள். நான் கயிறு கட்டினேன், தொற்று, நெருங்காதீர்கள் என்று போர்டு எழுதி வைத்தேன். போர்டுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். காவலுக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்கள். அவர் வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றினார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. டாக்டர் சீக்கிரமே கரையில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் தார்ப்பாய்ப் பக்கம் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, குனிந்து உள்ளே வந்துவிட்டது. இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள், தேங்காய்ப் பழத்தட்டோடு ஒரு பெரியவர்.

காலடிச் சத்தம் டாக்டருக்குக் கேட்டுவிட்டது. "யாரது? கிட்ட வராதீங்க! தொடாதீங்க!"

கூட்டம் ஒரு நொடி தயங்கி, மறுபடி நகர்ந்தது. அவருக்குக் கண் தெரியாது. பக்கத்தில் கையால் துழாவி, ஈரமான கரைமண்ணைப் பெயர்த்து, சத்தம் வந்த திசையில் எறிந்தார். "போங்க! பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருங்க!" கட்டி அந்தப் பெரியவரின் காலடியில் விழுந்து உடைந்தது.

பெரியவர் நின்றார். எல்லாரும் நின்றார்கள். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"சாமி நமக்குக் குடுக்குது" என்றார் பெரியவர்.

குனிந்து அந்த மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. டாக்டர் எறிய எறிய அவர்கள் பொறுக்கினார்கள். அவர்கள் இன்னும் போகவில்லை என்று காலடிச் சத்தத்தில் தெரியத் தெரிய அவர் இன்னும் வேகமாகப் பெயர்த்து எறிந்தார். "எறியாதீங்க மேடம்! அது மண்ணுலயும் ஒட்டும்!" என்று கத்திக்கொண்டு நான் ஓடினேன். கூட்டத்தின் சத்தத்தில் என் குரல் அவரிடம் போய்ச் சேரவில்லை. ஒரு பெண் முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொருத்தி தன் பிள்ளையின் நெற்றியில் பட்டையாகப் பூசினாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. வந்தவர்கள் மனம் நிறைந்த முகத்தோடு மேட்டிலிருந்து இறங்கி ஓடினார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். போலீஸ்காரரும் நெற்றியில் மண்ணோடு நின்றிருந்தார். நான் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

போன் கையில்தான் இருந்தது. யாரைக் கூப்பிட்டு, எந்த பஸ் என்று, எத்தனை பிள்ளைகள் என்று சொல்வது? நடந்து மேலே வந்தேன்.

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் சேறு. என் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"நாயகம், போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க மேடம்."

"ஒருத்தரும் தொடலையே?"

கீழே கிடையில் யாழினி எதற்கோ கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"தொடலை மேடம்" என்றேன்.

அவர் தலையை அசைத்துவிட்டு, கொசு வரும் நேரமாகிவிட்டது என்று கண்மாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார்.